யாருடைய கனவு? ‘ஹே ராம்’ திரைப்படத்தின் மீயதார்த்தமும் பிளவுபட்ட ஏற்பும்

ஆய்வுச் சுருக்கம்

கமல்ஹாசன் தமிழில் இயக்குநராகத் தம் பெயரில் வெளியிட்ட முதல் திரைப்படம் ‘ஹே ராம்’ (2000). பிரிவினைக் கால வன்முறையையும் காந்தி கொலையையும் ஒரு தனிமனிதனின் நினைவு, மயக்கம், கனவு ஆகியவற்றின் வழியே சொல்லும் இப்படம், வெளியான நாள்முதல் ஒன்றுக்கொன்று எதிரான எதிர்வினைகளைப் பெற்றுவருகிறது. இவ்வெதிர்வினைகளை அரசியல் சார்புகளின் மோதலாக மட்டும் விளங்கிக்கொள்வது போதாது. தமிழ் இலக்கியமும் தமிழ்த் திரைப்படமும் கனவுக்கு வகுத்துக்கொண்ட எல்லைகளை இப்படம் மீறுகிறது. திரையில் காண்பது பாத்திரத்தின் பார்வையா, படத்தின் பார்வையா என்று பிரித்தறிய முடியாத நிலையை அம்மீறல் உண்டாக்குகிறது. பிளவின் வேர் இந்நிலையில் இருப்பதை இக்கட்டுரை காட்டுகிறது. அதே வேளையில், மீயதார்த்தத்தைப் படம் சமமின்றிப் பயன்படுத்தியுள்ளதையும் சுட்டுகிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் வரலாற்று நினைவிலிருந்து படத்தை வாசிக்கும்போது கிடைக்கும் ஒரு தெளிவையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஹே ராம், கமல்ஹாசன், மீயதார்த்தம், ஏற்புக் கோட்பாடு, பிரிவினை, கனவு, புதுச்சேரி

முன்னுரை

ஒரு படைப்பு வாசகரைச் சென்றடையும்போது, அவ்வாசகர் முன்னர்க் கற்ற படைப்புகளால் உருவான எதிர்பார்ப்பின் எல்லைக்குள்தான் அது பொருள் கொள்கிறது என்பது ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் வகுத்த ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை. அவ்வெல்லையைப் படைப்பு மீறுமானால் வாசகர் கூட்டம் பிளவுபடும். பிளவின் அளவைக் கொண்டு படைப்பின் தரத்தை அறிய இயலாது. ஆனால் அந்தக் காலத்து வாசிப்பு மரபின் எல்லை எங்கே இருந்தது என்பதை அறியலாம். ‘ஹே ராம்’ படத்தை இக்கட்டுரை இந்நோக்கிலேயே அணுகுகிறது.

படம் வெளியாகிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பட்டப் பேறு ஆய்வுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் அது இருவகையாகவே பேசப்படுகிறது. ஒரு சாரார் அதனை மதவாதத்துக்கு எதிரான துணிவான படைப்பு என்கின்றனர். மற்றொரு சாரார் மதவாத உணர்வுக்கு அழகியல் ஒப்பனை செய்த படைப்பு என்கின்றனர். இரு சாராரும் பெரும்பாலும் ஒரே காட்சிகளையே சான்று காட்டுகின்றனர். ஒரே சான்று இரண்டு எதிர்முடிவுகளுக்கு இடந்தருமாயின், சான்று அமைந்துள்ள முறையை ஆராய்வதே திறனாய்வின் பணியாகும்.

1. நடிகரின் முதல் படம் என்னும் தகுதிநிலை

கமல்ஹாசன் இயக்குநராகப் பெயர் பெற்ற முதல் படம், 1997 டிசம்பரில் இந்தியில் வெளியான ‘சாச்சி 420’. அது கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய ‘அவ்வை சண்முகி’யின் (1996) மறுவாக்கம். முன்னரே ஆயத்தமாக இருந்த கதையை வேறொரு மொழிக்குக் கொண்டுசென்ற பணி என்பதால், அதனைத் தனித்த படைப்பு முயற்சியாகக் கொள்வது கடினம். 1997 அக்டோபரில் பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் தொடங்கப்பெற்ற ‘மருதநாயகம்’ இடையில் நின்றுபோயிற்று. ஆகவே, கதை, திரைக்கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எனும் அனைத்துப் பொறுப்புகளையும் அவரே ஏற்று 2000 பிப்ரவரி 18 அன்று தமிழிலும் இந்தியிலும் வெளியிட்ட ‘ஹே ராம்’ படத்தையே இயக்குநர் கமல்ஹாசனின் முதல் தனிப் படைப்பாகக் கருதலாம்.

நடிகர் இயக்குநராகும்போது ஏற்பில் ஒரு தனிச் சிக்கல் தோன்றுகிறது. பார்வையாளர் அவர் முகத்தை முன்பே அறிந்துள்ளனர். அந்த முகத்துக்கு ஓர் அறநிலையையும் வழங்கியுள்ளனர். அம்முகம் திரையில் செய்வதெல்லாம் படத்தின் ஒப்புதலைப் பெற்றது என்பது நாயகத் திரைப்படத்தின் எழுதா விதி. சாகேத் ராமாக நடிப்பவரும் அவனைப் படைத்தவரும் ஒருவரே எனும்போது, பாத்திரத்தின் பிழையைப் படத்தின் பிழையாகக் கொள்ளும் வாய்ப்பு இருமடங்காகிறது.

உலகத் திரைப்பட வரலாற்றிலும் இதற்கு இணைகள் உண்டு. நடிகர் சார்லஸ் லாட்டன் இயக்கிய ‘தி நைட் ஆஃப் தி ஹண்டர்’ (1955) குழந்தையின் கொடுங்கனவுபோல் அமைந்த படம். வெளியானபோது புறக்கணிக்கப்பட்டது, லாட்டன் மீண்டும் ஒரு படம் இயக்கவில்லை. அதே படத்தைப் பிரான்சின் ‘கையே து சினமா’ இதழ் 2008இல் வெளியிட்ட மிகச் சிறந்த படங்களின் பட்டியலில் இரண்டாம் இடத்தில் வைத்தது. நடிகர் ரயன் காஸ்லிங் முதன்முதலாக இயக்கிய ‘லாஸ்ட் ரிவர்’ 2014 கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது பாராட்டும் கடும் மறுப்பும் ஒருசேர எழுந்தன. தமிழில் நாசர் இயக்கிய முதல் படமான ‘அவதாரம்’ (1995) விமர்சகர்களின் மதிப்பைப் பெற்றும் வணிக வெற்றி பெறவில்லை. எனினும், அப்படத்தின் இறுதியில் கூத்துக் கலைஞன் நரசிம்ம வேடத்தோடு பழிதீர்க்கும் காட்சியைப் பார்வையாளர் தடுமாற்றமின்றிப் புரிந்துகொண்டனர். தெருக்கூத்து எனும் பழகிய கட்டமைப்பு அதற்குத் துணைநின்றது. ‘ஹே ராம்’ அத்தகைய துணை எதனையும் தரவில்லை.

2. எதிர்வினைகளின் மூன்று தளங்கள்

படத்தின் கதைப்போக்கை மிகச் சுருக்கமாக நினைவுகூரலாம். 1999 டிசம்பர் 6 அன்று சென்னையில் எண்பத்தொன்பது வயது சாகேத் ராம் மரணப் படுக்கையில் இருக்கிறான். அவன் நினைவாக விரிகிறது கடந்தகாலம். 1946இல் மொகஞ்சதாரோ அகழாய்வில் அவனும் நண்பன் அம்ஜத்தும் பணியாற்றுகின்றனர். கல்கத்தாவில் ஆகஸ்ட் 16 நேரடி நடவடிக்கை நாள் கலவரத்தில் அவன் மனைவி அபர்ணா கொடூரமாகக் கொல்லப்படுகிறாள். ராம் பழிவாங்கக் கொலை செய்கிறான். ஸ்ரீராம் அப்யங்கர் என்பவனின் தொடர்பால் காந்தியே இத்துயருக்குக் காரணர் என நம்பத் தொடங்குகிறான். தமிழகம் திரும்பி மைதிலியை மணந்தும் அமைதி காணாமல், காந்தியைக் கொல்லத் தில்லி செல்கிறான். அம்ஜத்தின் மரணம் அவனை மாற்றுகிறது. தன் நோக்கத்தைக் காந்தியிடமே ஒப்புக்கொள்ள முனையும் வேளையில் கோட்சேயின் குண்டு முந்திக்கொள்கிறது.

இப்படத்துக்கு எழுந்த எதிர்வினைகளை மூன்று தளங்களாகப் பகுக்கலாம்.

முதலாவது, புரிதல் தளம். மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட நீளம்; தமிழ், இந்தி, வங்காளம், மராத்தி, ஆங்கிலம் எனக் கலந்துவரும் உரையாடல்; விளக்கமின்றி மாறும் காலமும் இடமும் பொதுப் பார்வையாளரை விலக்கின. படம் வணிக நிலையில் தோல்வியுற்றது.

இரண்டாவது, அரசியல் தளம். காந்தியின் மீது கொலையாளியின் தரப்பு வைக்கும் குற்றச்சாட்டுகளைப் படம் நீண்ட நேரம் ஒலிக்கவிடுகிறது என்பது ஒரு மறுப்பு. முஸ்லிம்களை வன்முறையாளராகக் காட்டும் காட்சிகளே மனத்தில் தங்குகின்றன என்பது இன்னொரு மறுப்பு. இறுதியில் காந்தியிடமே சரணடைந்துவிடுகிறது என்பது நேரெதிர்த் திசையிலிருந்து எழுந்த மறுப்பு. இளமையில் தாம் காந்தியைக் கடுமையாக விமர்சித்தவர் என்றும் இப்படம் அதற்கான மன்னிப்புக் கோரல் என்றும் கமல்ஹாசன் பல நேர்காணல்களில் கூறியுள்ளார். படைப்பாளியின் நோக்கம் இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் எதிர்வாசிப்புகள் ஓயாதது கருதத்தக்கது.

மூன்றாவது, மறுமதிப்பீட்டுத் தளம். ரவி வாசுதேவன் 2002இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை, உணர்ச்சி நாடகமும் கணினித் தொழில்நுட்பப் படிமமும் இப்படத்தில் சந்திக்கும் விதத்தை ஆராய்ந்தது. அதன்பின் படம் கல்விப்புலத்தின் ஆய்வுப்பொருளாயிற்று. 2018இல் கமல்ஹாசன் மக்கள் நீதி மய்யம் கட்சியைத் தொடங்கியதும், 2019 தேர்தல் பரப்புரையில் கோட்சே குறித்து அவர் பேசியது சர்ச்சையானதும் படத்தை மீண்டும் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தன.

அரசு அளித்த ஏற்பிலும் இப்பிளவைக் காணலாம். நாற்பத்தேழாவது தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகர் (அதுல் குல்கர்னி), ஆடை வடிவமைப்பு (சரிகா), சிறப்புத் தோற்ற விளைவுகள் ஆகிய பிரிவுகளில் படம் விருது பெற்றது. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் அனுப்பப்பட்டது. உறுப்புகளை மதித்து முழுமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் விடும் போக்கு விருதுப் பட்டியலிலும் வெளிப்படுகிறது.

3. தமிழில் கனவின் இலக்கணம்

மீயதார்த்தம் எனத் தமிழில் வழங்கும் சர்ரியலிசம், பிரெஞ்சு மண்ணில் பிறந்த சொல். கவிஞர் அப்போலினேர் 1917இல் ஆண்ட இச்சொல்லுக்கு 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் தம் அறிக்கையால் கோட்பாட்டு வடிவம் தந்தார். கனவுக்கும் விழிப்புக்கும் இடையிலுள்ள எல்லையை அழிப்பதே அதன் மையநோக்கம். பகுத்தறிவின் காவலின்றி மனம் வெளியிடும் படிமமே உண்மைக்கு நெருக்கமானது என்பது அதன் நம்பிக்கை.

தமிழ் இலக்கிய மரபில் கனவுக்கு நீண்ட வரலாறு உண்டு; ஆனால் அதன் இலக்கணம் வேறு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் கூறுகிறாள். அப்பகுதி ‘கனாத்திறம் உரைத்த காதை’ என்றே பெயர் பெற்றது. அடைக்கலக் காதையில் கோவலனும், வழக்குரை காதையில் பாண்டிமாதேவியும் தத்தம் கனவுகளை உரைக்கின்றனர். இம்மூன்று கனவுகளுக்கும் இரண்டு பொதுப்பண்புகள் உள்ளன. கனவு கண்டவர் இன்னார் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. கனவு பின்னர் நிகழ்வதை முன்னறிவிக்கிறது. எனவே கனவு உரைக்கப்படும் பொருளாகவும் சரிபார்க்கத்தக்க பொருளாகவும் அமைகிறது.

பாரதியார் புதுச்சேரி வாழ்க்கைக் காலத்தில் நூலாக்கிய ‘ஞானரதம்’ (1910) நவீனத் தமிழ் உரைநடையில் கனவுப் பயணத்தை முழுநீளத்துக்கு விரித்தது. அங்கும் மண்ணுலகிலிருந்து பிற உலகங்களுக்குப் போவதும் திரும்புவதும் தெளிவாகக் குறிக்கப்படுகின்றன. மணிக்கொடிக் காலத்தில் மௌனியின் சிறுகதைகள் இவ்வெல்லையைக் கலைத்தன. நினைவு எது, நிகழ்வு எது என்று பிரிக்க இயலாத அந்த உரைநடை, இன்றும் சிறுபான்மை வாசகருக்கு உரியதாகவே இருப்பது நம் வாசிப்பு மரபின் இயல்பைக் காட்டுகிறது.

தமிழ்த் திரைப்படம் கனவை மேலும் இறுக்கமான சட்டத்துக்குள் வைத்தது. காதலர் கண்மூடினால் கனவுப் பாடல் தொடங்கும். பாடல் முடிந்ததும் கதை விட்ட இடத்தில் தொடரும். அப்பாடலில் நிகழும் எதற்கும் கதையில் பொறுப்பில்லை. கனவு என்பது பொறுப்பிலிருந்து விடுபட்ட இடைவேளை என்னும் உடன்படிக்கை படைப்பாளிக்கும் பார்வையாளருக்கும் இடையே நிலவிவந்தது. ‘ஹே ராம்’ மீறியது இந்த உடன்படிக்கையை. அதில் கனவு தொடங்கும் இடமும் முடியும் இடமும் குறிக்கப்படவில்லை. மேலும், கனவுக்குள் நிகழ்வதே கதையின் அறப்போக்கை முடிவுசெய்கிறது.

4. எல்லை குறிக்காத கனவு: மூன்று படிமங்கள்

கல்கத்தாக் கலவரத்தின் நடுவே பாகனை இழந்த யானை ஒன்று தெருவில் வருகிறது. கதைநிகழ்வுக்கு அந்த யானை தேவையில்லை. எரியும் நகரில் அவ்வாறொரு யானை இருந்திருக்கக்கூடும் என்பதால் அதனை யதார்த்தமாகக் கொள்ளலாம். மனைவியை இழந்து நிலைகுலைந்தவனின் கண்ணுக்கு மட்டும் தெரியும் உருவமாகவும் கொள்ளலாம். படம் எதனையும் உறுதிப்படுத்தவில்லை. தமிழ் அறிந்தவருக்கு இப்படிமம் மற்றொரு பொருளும் தருகிறது. தமிழில் ‘மதம்’ என்பது சமயத்தையும் குறிக்கும். யானைக்குப் பிடிக்கும் வெறியையும் குறிக்கும். மதம் பிடித்தது மனிதர்களுக்கு. யானையோ வழிநடத்துவோரின்றித் திகைத்து நிற்கிறது. இந்தச் சிலேடையை எவரும் வசனமாகப் பேசவில்லை. மொழியின் அடித்தளத்திலிருந்து அது தானே எழுகிறது. இந்தியில் இப்பொருள் கிடைக்காது என்பதால், இருமொழிப் படமாயினும் அதன் கற்பனை வேர் தமிழில் உள்ளது எனலாம்.

இரண்டாவது படிமம் பெரிதும் விவாதிக்கப்பட்டது. மராட்டிய மண்ணில் விழாக்கோலத்தின் நடுவே போதைப் பானம் அருந்திய ராமின் கைகளில் மைதிலி துப்பாக்கியாக உருமாறுகிறாள். காமமும் கொலைவேட்கையும் ஒன்றாகக் கலக்கும் இக்காட்சி, மீயதார்த்தம் என்னும் சொல்லுக்குத் தமிழ்த் திரையில் கிடைக்கும் மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு. பெண்ணுடலைக் கருவியாக்கும் காட்சி என இதனைப் பெண்ணிய நோக்கில் மறுக்க இடமுண்டு. அம்மறுப்பு முற்றிலும் பொருத்தமானது. ஆனால் அது யாரை நோக்கிச் செலுத்தப்பட வேண்டும் என்பதே வினா. முதல் மனைவியின் உடல் மீதான வன்முறை ராமைக் கொலைகாரனாக்கியது. இரண்டாம் மனைவியின் உடலை அவன் மனம் ஆயுதமாக மாற்றுகிறது. பெண்ணின் மானத்தைக் காப்பதாகச் சொல்லும் வெறி, பெண்ணையே இல்லாமலாக்கிவிடுகிறது என்பதை இவ்வுருமாற்றம் காட்டுகிறது. காந்தியின் எழுத்தைப் படிப்பவளாக மைதிலி அறிமுகமாவதையும் இணைத்துப் பார்த்தால், இக்காட்சி ராமின் மீதான தீர்ப்பு என்பது விளங்கும். ஆயினும் காட்சி மிகுந்த அழகோடு படமாக்கப்பட்டுள்ளது. தீர்ப்பு வழங்கும் காட்சி கண்ணுக்கு விருந்தாகவும் அமையும்போது, பார்வையாளர் எதனை எடுத்துக்கொள்வார் என்பதற்கு உறுதியில்லை. எதிர்வாசிப்புகளுக்கு வாயில் திறப்பது இந்த இடமே.

மூன்றாவது படிமம் வண்ணம் தொடர்பானது. தமிழ்த் திரையில் கடந்தகாலம் கறுப்பு வெள்ளையிலும் நிகழ்காலம் வண்ணத்திலும் வருவது வழக்கம். இப்படம் அதனைத் தலைகீழாக்குகிறது. 1999ஆம் ஆண்டுச் சென்னை கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. 1946–48 வண்ணத்தில் ஒளிர்கிறது. எண்பத்தொன்பது வயது மனிதனின் மனத்தில் உயிரோடிருப்பது கடந்தகாலமே என்பது இதன் நேரடிப் பொருள். இதற்கு ஆழ்ந்த பொருளும் உண்டு. வண்ணத்தில் காண்பன அனைத்தும் இறக்கும் தறுவாயிலுள்ள ஒருவனின் நினைவு. அந்த நினைவும் எழுத்தாளனான பேரன் எடுத்துரைக்கும் கதையாகவே நம்மை அடைகிறது. ஆக, நாம் காணும் கல்கத்தா, வரலாற்றின் கல்கத்தா அன்று. ஒருவன் நினைத்து இன்னொருவன் சொன்ன கல்கத்தா. இந்த இரட்டைச் சட்டகத்தைக் கருத்தில் கொள்ளும் வாசகர், படத்தின் பார்வையையும் ராமின் பார்வையையும் பிரிக்கிறார். கொள்ளாதவர் இரண்டையும் ஒன்றாக்குகிறார். இருவகை வாசிப்புக்கும் படத்திலேயே இடமிருப்பதால்தான் பிளவு நீடிக்கிறது.

5. சமமின்மை: மறுதரப்பின் வலுவான வாதம்

இரட்டைச் சட்டகத்தைச் சுட்டிப் படத்தின் மீதான எல்லாக் குற்றச்சாட்டுகளையும் தள்ளிவிட முடியுமா? முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அபர்ணாவின் மீது நிகழும் வன்முறை யதார்த்த முறையில் படமாக்கப்பட்டுள்ளது. தாக்குவோரின் முகம், குரல், உடை, இடம் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. அவர்களுள் ஒருவனான அல்தாஃப், ராமுக்கு முன்பே அறிமுகமான தையற்காரன். அவனுக்குப் பெயரும் தொழிலும் உண்டு. இதற்கு மாறாக, ராமின் குற்றவுணர்ச்சி பெரிதும் மயக்கத்தின் மொழியில் சொல்லப்படுகிறது. அபர்ணா உருவமாகத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறாள். ராமின் கையால் இறந்தவர்களுக்கு அத்தகைய மறுவருகை இல்லை. ஒரு தரப்பின் வன்முறை சான்றாகவும், மற்றத் தரப்பின் வன்முறை உளநோயாகவும் வடிவம் பெறுகின்றன. சான்று குற்றம் சாட்டும். நோய் இரக்கம் கேட்கும். மீயதார்த்தம் இங்கு அறநிலையில் நடுநிலையான உத்தியாக இல்லை. யாருடைய செயலுக்கு அது வழங்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவு மாறுகிறது.

நாயகன் தரப்பில் இதற்கு ஒரு விடை உண்டு: படம் முழுதும் ராமின் நினைவு, தன் மனைவியைக் கொன்றவனின் முகத்தை மறவாதவன், தான் கொன்றவரின் முகங்களை மறந்திருப்பது உளவியல் உண்மை. இவ்விடை ஓரளவுக்கே செல்லும். மறதியைக் காட்டுவது வேறு, மறதியில் பங்குகொள்வது வேறு. பாத்திரம் மறந்ததைப் பார்வையாளர் உணரும்படி படம் ஏதேனும் ஒரு குறிப்பு வைத்திருக்க வேண்டும். அம்ஜத் என்னும் பாத்திரத்தின் மூலம் அதனைச் செய்ய முயன்றிருக்கிறது. நட்பு, குடும்பம், இழப்பு, மன்னிப்பு என எல்லாப் பெருமைகளும் அம்ஜத்துக்குத் தரப்பட்டுள்ளன. ஆனால் ஒரு சமூகத்தின் மனிதத்தன்மையை மெய்ப்பிக்கும் சுமையை ஓர் உயர்ந்த மனிதனின் தோளில் ஏற்றுவதும், அவன் இறந்தே அதனை மெய்ப்பிக்க வேண்டியிருப்பதும் நாம் நன்கறிந்த ஒரு திரைப்பட வாய்பாடு. படம் பிற இடங்களில் காட்டும் துணிவு இங்கே குறைந்துவிடுகிறது.

தமிழ்ச் சூழலுக்குரிய மற்றொரு வினாவும் எஞ்சுகிறது. சாகேத் ராம் வைணவப் பார்ப்பனன். தமிழகப் பகுதி முழுவதும் அய்யங்கார் இல்லங்களுக்குள்ளேயே நிகழ்கிறது. காந்தி கொலையைத் தொடர்ந்து நாட்டுக்குக் காந்தியின் பெயரைச் சூட்ட வேண்டும் எனப் பெரியார் முன்மொழிந்த வரலாறு தமிழகத்துக்கு உண்டு. அக்கொலையைச் சாதியத்தின் பின்னணியில் வைத்துப் பார்த்த அந்த உரையாடலின் எதிரொலி படத்தில் கேட்கவில்லை. கொலையின் கருத்தியலை மதத்தின் எல்லைக்குள் மட்டும் வைத்தமையால், தமிழ் அரசியல் மரபு படத்தோடு உரையாடக்கூடிய ஒரு முக்கிய வாயில் அடைபட்டது. தமிழகத்தில் படத்துக்குக் கிடைத்த குளிர்ந்த வரவேற்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

6. புதுச்சேரியின் நாட்காட்டியிலிருந்து ஒரு வாசிப்பு

ஏற்பு என்பது வாசகர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதால், படம் பேசும் காலத்தில் இந்திய எல்லைக்கு வெளியே இருந்த ஒரு தமிழ் நகரத்திலிருந்து படத்தை வாசித்துப் பார்ப்பது பயனுடையது.

சாகேத் ராமின் வாழ்வு உடைந்த 1946–48 காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1947 ஆகஸ்ட் 15 இந்நகருக்கு விடுதலை நாளாக வரவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவளித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. கல்கத்தாவின் நினைவில் 1946இன் அதே நாள் குருதியோடு பதிந்தது; புதுச்சேரியிலோ ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஒரே தேதி இரு நகரங்களில் இரு வரலாறுகளைச் சுமக்கிறது. கல்கத்தாவை அடுத்திருந்த சந்திரநாகூரும் புதுச்சேரியைப்போல் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டதே. அது 1949ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் வழியே இந்தியாவோடு சேர்ந்தது.

இந்த வரலாற்றிலிருந்து பார்க்கும்போது, பிரிவினை தமிழருக்கு நேரடி நினைவாக இல்லை என்பது கூர்மையாகப் புலப்படுகிறது. வங்காளியருக்கும் பஞ்சாபியருக்கும் கல்கத்தாக் காட்சிகள் குடும்ப நினைவு. தமிழருக்கு அவை செய்தியாகவும் கதையாகவும் வந்தவை. நேரில் காணாத துயரைத் தமிழில் சொல்ல முனைந்த படைப்பாளி அதனைக் கனவின் வடிவில் சொல்லியதற்கு இதுவே அடிப்படையான நியாயம் என்று தோன்றுகிறது. நினைவாக இல்லாத ஒன்று தமிழ் மனத்துக்குள் கொடுங்கனவாகவே நுழைய முடியும்.

இதே நோக்கில் படத்தின் ஓர் அமைப்பு தெளிவுபெறுகிறது. வண்ணத்தில் வரும் கடந்தகாலத்தின் முஸ்லிம்கள் — அல்தாஃபும் அம்ஜத்தும் — வடபுலத்தவர். ஒருவன் பகைவன், ஒருவன் நண்பன். கறுப்பு வெள்ளையில் வரும் சென்னையிலோ மருத்துவர் முனவர் முதியவரைப் பேணுகிறார்; கலவரத்தில் அவர்களுக்குக் காவலாக நிற்பவர் இப்ராஹிம் என்னும் காவல் அதிகாரி. இவ்விருவரும் பகைவருமில்லை, தியாகிகளுமில்லை; தத்தம் பணியைச் செய்யும் அண்டை மனிதர்கள். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசி, சைகோன் வரை வணிகம் செய்து வாழ்ந்த மரைக்காயர் குடும்பங்களை அறிந்த வாசகருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஒளிமிக்க வண்ணத்தில் வடக்கின் வெறுப்பும், ஒளியற்ற கறுப்பு வெள்ளையில் தெற்கின் அன்றாட நல்லிணக்கமும் வைக்கப்பட்டுள்ளன. டிசம்பர் 6 எனும் பாபர் மசூதி இடிப்பு நாளில் அந்த நல்லிணக்கமும் ஆட்டங்காண்கிறது. இரவல் பெற்ற கொடுங்கனவு தமிழகத்தின் விழிப்புநிலைக்குள் புகுந்துவிடுமோ என்ற அச்சமே படத்தின் உண்மையான நிகழ்காலம். முந்தைய பகுதியில் சுட்டிய சமமின்மைக்கு இது முழு விடையாகாது. ஆனால் அம்ஜத்தின் உயர்பண்பைவிட, முனவரின் இயல்பான இருப்பே படத்தின் நேர்மையான மறுமொழி என்று சொல்லத் தோன்றுகிறது.

படத்தின் முடிவில் பேரன், தாத்தா பாதுகாத்துவைத்த காந்தியின் காலணியையும் மூக்குக்கண்ணாடியையும் துஷார் காந்தியிடம் காட்டுகிறான். துஷார் காந்தி அப்பாத்திரத்தில் தாமாகவே தோன்றுகிறார். கற்பனைக் கதைக்குள் காந்தியின் மெய்யான கொள்ளுப்பேரன் நுழையும் அக்கணத்தில், கனவுக்கும் வரலாற்றுக்கும் இடையிலிருந்த எல்லை கடைசியாக ஒருமுறை அழிகிறது. காந்தி 1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வந்தார். கடற்கரைச் சாலையில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கருங்கல் தூண்களின் நடுவே அவர் சிலை இன்று நிற்கிறது. அதனை நாள்தோறும் கடந்து செல்வோருக்கு அவர் அசையாத, ஐயத்துக்கு இடமில்லாத உருவம். ‘ஹே ராம்’ அந்த உருவத்தைக் கொல்ல நினைத்தவனின் கண்வழியே காண வைத்தது. பலருக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் ஒருவர் காந்தியிடம் மனம் மாறி வந்தார் என்பதைச் சொல்ல, அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் காட்டியே ஆக வேண்டும்.

முடிவுரை

‘ஹே ராம்’ பெற்ற பிளவுபட்ட ஏற்பு, புரியாமையால் மட்டும் நேர்ந்ததாகவோ அரசியல் முன்முடிவால் மட்டும் நேர்ந்ததாகவோ கொள்ளத்தக்கதன்று. கண்டவர் யார் என்று அறிந்த பின்னரே கனவுக்குப் பொருள் கொள்ளும் தமிழ் மரபின் முன், கண்டவரை அடையாளம் காட்டாத கனவை இப்படம் வைத்தது. அதனை ராமின் கனவாகக் கொண்டோர் அவன் மீதான விசாரணையைக் கண்டனர். படத்தின் கனவாகக் கொண்டோர் வெறுப்பின் அழகியலைக் கண்டனர். வண்ணமும் சட்டகமும் முதல் வாசிப்பை ஆதரிக்கின்றன. வன்முறையைப் பங்கிட்ட முறையும் காட்சியின் ஈர்ப்பும் இரண்டாம் வாசிப்புக்கு நியாயம் தருகின்றன.

இதிலிருந்து ஆய்வாளருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுண்டு. மீயதார்த்தப் படைப்பை மதிப்பிடும்போது படிமத்தின் புதுமையைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடலாகாது. எந்தப் பாத்திரத்தின் செயல் கனவின் மொழியில் மென்மையாக்கப்பட்டது, எவருடைய செயல் விழிப்பின் மொழியில் கூர்மையாக்கப்பட்டது என்னும் கணக்கையும் எடுக்க வேண்டும். அக்கணக்கில் ‘ஹே ராம்’ முழு மதிப்பெண் பெறவில்லை. எனினும் தமிழ்த் திரையில் கனவுக்குப் பொறுப்புண்டு என்ற வினாவை எழுப்பியது அப்படம். அதற்கு முன் அந்த வினாவுக்கே அங்கு இடமிருக்கவில்லை என்பதை நினைவில் கொண்டால், அதன் குறைகளையும் நாம் கற்கத்தக்க குறைகளாகக் காணலாம்.